அளவுநாடா பிடித்த பேராசிரியர்

வணக்கம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "துருக்கியை ஆண்ட செல்ஜுக், ஒட்டோமான் வம்சங்களின் கட்டிடங்களை ஆராய்வதிலேயே சிலர் வாழ்நாளைக் கழித்தார்கள் என்கிறீர்களே, அதில் அப்படி என்ன வேலை இருக்கிறது? போய்ப் பார்த்து எழுதினால் போதாதா?"

போதாது. ஏன் என்று சொல்ல எனக்குப் பிடித்த ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். ஆல்பேர் கப்ரியேல், பிரெஞ்சுக்காரர், 1883இல் பிறந்தவர். அடிப்படையில் அவர் கட்டிடக் கலைஞர். இதை மறந்துவிடாதீர்கள். 1926இல் இஸ்தான்புல்லுக்குக் கற்பிக்க வந்தார். பிறகு அங்கே தொடங்கிய பிரெஞ்சுத் தொல்லியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரானார்.

துருக்கியர் கட்டியதெல்லாம் பாரசீகத்தையோ பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசையோ பார்த்துச் செய்த நகல் என்று ஐரோப்பிய அறிஞர்கள் பலர் அப்போது எளிதாகச் சொல்லிவிடுவார்கள். கப்ரியேல் அதற்கு மறுப்புக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கவில்லை. கைசேரி, நீடே, அமாஸ்யா, தோகாத், சிவாஸ் என்று ஊர் ஊராகப் போய் அளந்தார், வரைந்தார். 1931இலும் 1934இலும் இரண்டு தொகுதிகள் வந்தன.

அளந்தால் என்ன தெரியும்? கைசேரியில் ஹுனாத் ஹாத்தூன் வளாகம் இருக்கிறது. செல்ஜுக் சுல்தான் அலாவுதீன் கைகுபாதின் மனைவி மாஹ்பரி ஹாத்தூன் கட்டுவித்தது, பள்ளிவாசலின் காலம் 1238. வெளியே நின்றால் மதிலுக்கு மேல் கல்லறைக் கோபுரத்தின் கூம்பு மட்டும் எட்டிப் பார்க்கும். தரை வரைபடத்தை விரித்தால்தான் அந்தக் கல்லறை பள்ளிவாசலின் மூலையில் செருகி நிற்பது புரியும். வேடிக்கை என்னவென்றால், உள்ளே நுழையப் பள்ளிவாசல் பக்கம் வழியில்லை. அடுத்திருக்கும் மதரசாவின் அறை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். எது முந்தியது, எது பிந்தியது என்ற கேள்வியெல்லாம் இந்த மூலையிலிருந்துதான் கிளம்பும். வாசல் சிற்பத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்பியவருக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்காது. செல்ஜுக் கட்டிடங்களில் அந்த ஆபத்து உண்டு. கொத்தனின் திறமை முழுவதும் வாயிலிலேயே கொட்டிக் கிடக்கும், கண் அங்கேயே நின்றுவிடும். ஒட்டோமான் பள்ளிவாசல் என்றால் குவிமாடம் தானாகவே நம்மை உள்ளே இழுத்துவிடும்.

எல்லாவற்றையும் அவர் தனியாகச் செய்யவில்லை. கிழக்குத் துருக்கிப் பயணங்களைப் பற்றி 1940இல் வெளியிட்டபோது அரபுக் கல்வெட்டுகளைத் தொகுத்துக் கொடுத்தவர் ஜான் சொவாஜே. கல்லை ஒருவர் அளக்க, எழுத்தை இன்னொருவர் படித்தார்.

அந்தப் பயணங்களில் வந்த ஊர்தான் தியார்பக்கிர். கருங்கல் மதில், 5.8 கிலோமீட்டர், 63 கல்வெட்டுகள். 1930களின் தொடக்கத்தில் ஊருக்குக் காற்று வர வேண்டும் என்று சொல்லி அந்த மதிலை வெடி வைத்து இடித்துக்கொண்டிருந்தார்கள். 1932இல் அங்கே போன கப்ரியேல் அதிகாரிகளிடம் முறையிட்டார், இடிப்பு நின்றது. 2015இல் அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. "என்ன வேலை" என்று கேட்ட நண்பருக்கு இதையும் கணக்கில் சேர்த்துச் சொல்கிறேன்.

கப்ரியேல் அங்கே வருவதற்குள் இடிந்தது இடிந்ததுதான். வடக்கே தாக் கப்பே வாசலை ஒட்டி மதில் அறுந்து நிற்கும் இடைவெளியை இன்றும் பார்க்கலாம்.