அணை நீர்மட்டமும் ஆற்றோரத்து வாசலும்

(மக்கள் தொடர்புப் பணிக்கு வரும் இளைஞர்களிடையே குமுளியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே,

முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் 136 அடியை எட்டியதும் முதல் எச்சரிக்கை விடுகிறார்கள். கம்பத்து விவசாயிக்கு அந்தச் செய்தி இனிக்கிறது. இரண்டாம் போகத்துக்குக் கவலையில்லை. அணைக்குக் கீழே, கேரளத்து வண்டிப்பெரியாற்றில் அதே செய்தியைக் கேட்ட தாய், பிள்ளைகளின் புத்தகப் பையைப் பரண்மேல் ஏற்றுகிறாள். மலைக்கு இரு புறமும் நம் மக்கள்தாம். அங்கே கூட்டியும் இங்கே குறைத்தும் சொல்லச் சொல்லி உங்களை நெருக்குவார்கள். இணங்காதீர்கள். இரு பக்கத்திலும் சொந்தபந்தம் இருக்கிறது. நீங்கள் போய்ச் சேருமுன் செல்பேசியில் கணக்கு ஒத்துப் பார்த்துவிடுவார்கள்.

ஒரு மழைநாள் மாலை, எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அறிவிப்பை வாசித்தேன். உபரிநீர் வினாடிக்கு இத்தனை கன அடி வீதம் திறக்கப்படலாம் என்று எழுதித் தந்திருந்தார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருக்கும் ஓர் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, அந்தத் தண்ணீர் எங்கள் லயத்து வாசலுக்கு எத்தனை மணிக்கு வரும்? ஆட்டை அவிழ்த்துவிடட்டுமா, வேண்டாமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத அறிவிப்பு எதற்கு? பொறியாளரிடம் மல்லுக்கட்டியாவது அந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு, "இன்றிரவு ஆற்றில் இறங்காதீர்கள். ஆடுமாடுகளை மேட்டில் கட்டுங்கள். பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, ரேஷன் அட்டையையும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று வாசியுங்கள்.

தமிழில் வாசியுங்கள். தோட்டத்துப் பெரியவர்கள் மலையாளம் பேசுவார்கள். படிக்கத் தெரிந்தவர் குறைவு. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. உயிர்காக்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்பது சலுகை ஆகாது.

அணைத் தகராறு இரு மாநிலங்களுக்கும் இடையே வெடித்த 2011 டிசம்பரை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லையில் பஸ் நின்றது. மெய்யும் பொய்யும் கலந்து மலையேறின, மலையிறங்கின. அப்படிப்பட்ட நாளில், சொல்ல ஒன்றுமில்லை என்று அலுவலகத்தில் உட்காராதீர்கள். "நீர்மட்டத்தில் மாற்றமில்லை" என்பதும் செய்திதான். சொன்ன நேரத்துக்குச் சொல்லுங்கள். ஒருமுறை தவறினாலும் அந்த இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அணையில் தண்ணீர் தேக்க உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்த 142 அடி சரியா என்று டீக்கடையில் உங்களை மடக்குவார்கள். அதைப் பொறியாளர்களுக்கும் நீதிமன்றத்துக்கும் விட்டுவிடுங்கள். பயப்படுகிறவரின் பயத்தை மட்டும் கேலி செய்யாதீர்கள்.

தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் ஆற்றோர லயங்களை ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பு எச்சரிக்கை வரும் இரவில் முதலில் தட்டவேண்டிய கதவுகள் அவை.