வாசல் தட்டும் சபை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மெதடிஸ்ட் என்பது கிறிஸ்தவப் பிரிவுகளில் ஒன்று. நகரத்தின் நடுவில் இருக்கும் ஒரு மெதடிஸ்ட் சபை வாரம் முழுவதும் எப்படி வாழ்கிறது, தன்னைச் சுற்றியிருப்பவர்களுக்கு எப்படிப் பயன்படுகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் போதகர் அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே, அப்படிப்பட்ட ஒரு சபையில் பல ஆண்டுகளாக வகுப்புத் தலைவராக, அதாவது சபையாரில் ஒரு சிறு குழுவைக் கவனித்துக்கொள்பவராக, இருந்து வருகிறேன். சபைகள் தொடங்குகிற நற்பணிகளில் எது நிலைக்கிறது, எது ஆரம்ப வேகம் தணிந்ததும் ஓய்ந்துபோகிறது என்று கிட்ட இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்று உண்டு. ஆட்களைத் தேடி வீட்டுக்குப் போகிற பழக்கம் உள்ள சபையால்தான் ஊருக்கு உதவ முடிகிறது. அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய திட்டம் போட்டாலும் கடைசியில் அது பொருள் விநியோகமாகத்தான் முடிகிறது.

மெதடிஸ்ட் சபைகளுக்கு இந்தப் பழக்கம் வந்தது ஒரு கடனால். 1742-ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதம், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியின் வழிகாட்டுதலில் கூடிவந்த மக்கள் அங்கே ‘நியூ ரூம்’ என்ற கூடத்தைக் கட்டியிருந்தார்கள். அதைக் கட்ட வாங்கிய கடன் தலைக்கு மேல் நின்றது. எப்படி அடைப்பது என்று கூடிப் பேசியபோது, கேப்டன் ஃபாய் என்பவர் ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி, அந்நாட்டுச் சிறு காசு, கொடுக்கலாமே. உடனே ஒருவர், நம்மில் பலருக்கு அதற்கும் வழியில்லையே என்றார். அதற்கு ஃபாய் சொன்ன பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. இருப்பவர்களிலேயே மிகவும் ஏழைகளான 11 பேரை என் பொறுப்பில் விடுங்கள்; வாராவாரம் நானே போய்ப் பார்க்கிறேன்; கொடுத்தால் சரி, முடியாதவர்களின் பங்கையும் நானே சேர்த்துப் போட்டுவிடுகிறேன் என்றார். மற்றவர்களும் ஆளுக்குப் பதினோரு பேரை ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள், அந்த வீடுகளில் நடப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். ஒரு வீட்டில் ஓயாத சண்டை, இன்னொரு வீட்டில் குடி. திரும்பி வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். தான் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று முதல் ஏறக்குறைய 12 பேர் கொண்ட, ‘வகுப்பு’ எனப்படும் சிறு குழுக்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரும் என்ற ஏற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாயிற்று. அந்தத் தலைவர் வாரம் ஒரு முறையாவது ஒவ்வொருவரையும் பார்த்துவிட வேண்டும். இன்று நான் செய்கிற வேலை அந்தக் கடன் வசூலின் வாரிசு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இன்றைய நகரத்துச் சபைக்கு இந்த ஏற்பாடு அன்றைவிட அதிகம் தேவைப்படுகிறது. காரணம் எளிது. கோயில் ஊரின் பழைய பகுதியில் இருக்கும். சபையாரோ வாடகை ஏற ஏறத் தள்ளித் தள்ளிப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூரம் பயணம் செய்து வருகிறார்கள். ஆராதனை முடிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். கோயிலைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் வேறு ஆட்கள். வேலை தேடி வந்த இளைஞர்கள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் தனித்திருக்கும் முதியவர்கள், இரவு வேலைக்காரர்கள். சபையாருக்கு அக்கம்பக்கம் தெரியாது. அக்கம்பக்கத்தாருக்கு அந்தக் கட்டடம் பூட்டிய கேட்டுக்குப் பின்னால் தெரியும் ஒரு கோபுரம், அவ்வளவுதான். இந்த இடைவெளியை ஒலிபெருக்கியாலோ துண்டுப் பிரசுரத்தாலோ மூட முடியாது.

என் வகுப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மேல் மாடியில் தனியாக வசிக்கிறார். ஆராதனைக்கு வருவதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டார். போனில் கேட்டால், நன்றாக இருக்கிறேன், தம்பி என்பார். ஒருநாள் நேரில் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் காது உடைந்து, நூல் சுற்றியிருந்தது. கண்ணாடியும் வீரியம் போதாமல் போயிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருப்பதை அவரால் படிக்க முடியவில்லை. மாத்திரைகளை நிறத்தை வைத்து நிதானித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி மாறி, மாத்திரையின் நிறமும் மாறியபோது ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை இரண்டு தரம் விழுங்கியிருக்கிறார். மயக்கம் வருகிறது என்று மாடிப்படி இறங்குவதையே நிறுத்திவிட்டார். இதை அவர் எந்த ஜெப விண்ணப்பச் சீட்டிலும் எழுதியிருக்க மாட்டார். எங்கள் வகுப்பில் நர்ஸாக வேலை பார்க்கும் பெண் ஒருவர், வேளைக்கு ஒரு கட்டம் வைத்த டப்பாவில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டு, மூடியின் மேல் பெரிய எழுத்தில் காலை, மதியம், இரவு என்று எழுதிக்கொடுத்தார். வாலிபர் ஐக்கியத்துப் பையன் ஒருவன் அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனான். சபையின் பணத்தில் இதற்கு ஆன செலவு மிகச் சொற்பம்.

அந்தப் பெரியவர் முன்பு வங்கியில் கணக்குப் பார்த்தவர். இப்போது எங்கள் சபையின் கைமாற்று நிதிக்கு அவர்தான் கணக்கு. சின்னத் தொகை, வட்டி கிடையாது, தவணையில் திருப்பித் தர வேண்டும். இதுவும் பழைய மெதடிஸ்ட் வழக்கம்தான். வெஸ்லி லண்டனில் இப்படியொரு கடன் நிதியைத் தொடங்கினார். ஒருவருக்கு ஒரு தடவைக்கு 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுன்தான். மூன்று மாதத்துக்குள் வாராவாரம் கட்டித் தீர்க்க வேண்டும். அப்படி ஒன்றரை ஆண்டில் 255 பேர் உதவி பெற்றதாக 1748-இல் அவர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பணம் சுழன்று வந்ததால்தான் சிறிய தொகை அத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொன்றும் உண்டு. கடன் வாங்கித் திருப்பிக் கட்டியவர் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை.

தலைகுனிவு என்றதும் 1747-இல் வெஸ்லி தம் சபை நிர்வாகிகளுக்கு எழுதிய விதிகள் நினைவுக்கு வருகின்றன. ஏழைக்கு உதவ முடியாவிட்டால், அவர் மனத்தையாவது நோகடிக்காதீர்கள்; வேறு எதுவும் இல்லையென்றால் இதமான வார்த்தையையாவது கொடுங்கள்; கடுகடுத்த முகமும் கடுஞ்சொல்லும் வேண்டாம்; வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தாலும் உங்களிடம் வந்ததற்காக அவர்கள் மகிழ வேண்டும் என்ற கருத்தில் எழுதினார். நம் சபைகளில் உதவி விநியோகிக்கிற மேஜைக்கு மேலே இதை எழுதி ஒட்டலாம் என்பேன். எந்தப் பிரிவு, யார் சிபாரிசு, சாட்சிக்கு யார் என்று வரிசையில் நிற்க வைத்துக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கொடுக்கும்போது போட்டோ எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் எனக்குப் பொறுப்பதில்லை. வாங்குகிறவரின் பிள்ளைகள் அந்தப் படத்தை நாளை பார்க்க மாட்டார்களா?

எங்கள் சபைக்கூடத்தில் வார நாள் ஒன்றில் மதியச் சாப்பாடு உண்டு. யார் வேண்டுமானாலும் வரலாம். அதில் நாங்கள் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிற ஒழுங்கு ஒன்றே ஒன்றுதான். பரிமாறுகிறவர்களும் அதே நேரத்தில், அதே மேஜையில், வந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தொடக்கத்தில் இது வேலையைத் தாமதப்படுத்துகிறது என்று முணுமுணுப்பு இருந்தது. தாமதம் உண்மைதான். ஆனால் நின்றுகொண்டு கரண்டி பிடிப்பவருக்கு எதிரே இருப்பவரின் தட்டு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு வருகிறது. எங்கே தங்கியிருக்கிறார், பிள்ளைகள் படிக்கிறார்களா, சம்பளம் ஏன் நின்றுபோனது எல்லாம் அப்போதுதான் தெரிய வருகிறது. அடுத்த வாரம் அவர் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது. வந்து சாப்பிட்டவர்களில் சிலர் இப்போது காலையிலேயே வந்து காய் நறுக்குகிறார்கள். அவர்களில் சிலர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை. சாப்பாட்டுக்கு விலையாக ஜெபத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்பதில் எனக்குச் சற்றும் ஐயம் இல்லை. கேட்டால் நம் விசுவாசத்தைச் சொல்வோம். கேட்காதவருக்கும் சோறு சோறுதான்.

இங்கே ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நகரத்துச் சபைக்கு இருக்கிற பெரிய சொத்து அதன் கூடம். அதை விசேஷங்களுக்கு வாடகைக்கு விட்டால் கூரையைப் பழுது பார்க்கலாம், மின் கட்டணம் கட்டலாம். இலவசமாகத் திறந்துவிட்டால் வரவு இல்லை, செலவு மட்டும்தான். நிர்வாகக் குழுவில் இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதம் நடக்கும். வாடகைக்கு விடலாம் என்பவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. கூரை ஒழுகினால் சாப்பாடும் நடக்காது. என் பக்கம் என்னவென்றால், வாரத்தில் அக்கம்பக்கத்தாருக்கான நாள்களை முதலில் குறித்துவிட வேண்டும். மிச்ச நாள்களுக்குத்தான் வாடகை. வரிசையை மாற்றினால் மிச்ச நாள் என்று ஒன்று ஒருபோதும் இருக்காது.

இந்த வாதமும் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், தொழிற்சாலை நகரங்களில் மெதடிஸ்ட் கோயில்கள் காலியானபோது, பிரிட்டனில் சென்ட்ரல் ஹால் என்ற பெரிய கூடங்களைக் கட்டினார்கள். மான்செஸ்டரில் 1886-இல் ஒன்று திறக்கப்பட்டது. பெரிய சாலைகளை ஒட்டி, தேவாலயம் போலவே தோன்றாத கட்டடங்கள். கோயில் வாசலை மிதிக்கத் தயங்கிய தொழிலாளி தயக்கமில்லாமல் உள்ளே வரட்டும் என்பதுதான் எண்ணம். 1912-இல் திறக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹாலில்தான் 1946 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் முதல் கூட்டம் நடந்தது. ஊருக்குத் திறந்த கூடம் எங்கெல்லாம் பயன்படும் என்று கட்டியவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் போக முடியாத இடங்களும் நகரத்தில் உண்டு. சிட்னி நகரின் மத்திய மெதடிஸ்ட் மிஷனில் இருந்த ஆலன் வாக்கர் என்ற போதகர், 1963-இல் லைஃப்லைன் என்ற தொலைபேசி உதவியைத் தொடங்கினார். தனிமையிலும் மனவேதனையிலும் இருப்பவர்கள் எந்த நேரமும் அழைக்கலாம். பயிற்சி பெற்ற தொண்டர்கள் காது கொடுப்பார்கள். அது இன்றும் ஆஸ்திரேலியா முழுவதும் இயங்குகிறது. பூட்டிய அறைக்குள் இருப்பவரின் வாசலைத் தட்ட அவர்கள் கண்டுபிடித்த வழி அது. எங்கள் வகுப்பிலும் இரவு வேலைக்காரர்களுக்கு மாலைக் கூட்டம் சரிப்படவில்லை. அவர்கள் வேலை முடிந்து வரும் அதிகாலையில் போனிலேயே கூடிக்கொள்கிறார்கள். சுருக்கமாகப் பேசி, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். முழு வகுப்புக் கூட்டத்துக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

வீடு சந்திக்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, என்ன எடுத்துக்கொண்டு போவது என்று. முதல் தடவை வெறுங்கையோடு போங்கள் என்பேன். பையோடு போனால் பேச்சு பையைப் பற்றியே இருக்கும். தனியாகப் போகாமல் இருவராகப் போங்கள், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள், குழந்தைகள் மட்டும் இருக்கிற வீட்டுக்குள் நுழையாதீர்கள். திரும்பி வந்ததும் நோட்டில் தேதி, போனவர்கள் யார், அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று மட்டும் எழுதுங்கள். அந்த வீட்டின் துயரத்தை எழுதாதீர்கள். நோட்டு கைமாறும், எங்கேயாவது தவறும். நம்பிச் சொன்னது நம்மோடு இருக்கட்டும். வெஸ்லி 81 வயதில், ஜனவரிக் குளிரில், உருகும் பனியில் கணுக்கால் நனைய லண்டன் தெருக்களில் ஐந்து நாள் நடந்து, ஏழைகளுக்குத் துணி வாங்க 200 பவுன் திரட்டினார். அது 1785-இல். நம்மில் யாருக்கும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டி வராது. அடுத்த தெருவுக்குப் போனால் போதும்.

மெதடிஸ்ட் போதகர்கள் சில ஆண்டுகளில் மாறுதலாகிப் போய்விடுவார்கள். ஆதியிலிருந்தே அதுதான் முறை. அதனால் எந்த வீட்டில் யார், என்ன நிலை என்ற நினைவு சபையாரிடம்தான் இருந்தாக வேண்டும். எங்கள் சபைக்குப் புதிய போதகர் வந்தால், வரவேற்புக் கூட்டத்துக்கு முன்பே வகுப்புத் தலைவர்கள் அவரை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். முதலில் ஆராதனைக்கு வர முடியாதவர்களின் வீடுகள், பிறகு கூடத்துக்குச் சாப்பிட வருகிறவர்களில் நம்மை வரச் சொன்னவர்களின் வீடுகள், கடைசியில்தான் நிர்வாகக் குழு உறுப்பினர்கள். உங்கள் சபையில் இப்படியொரு ஏற்பாடு இல்லையென்றால் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். சில வாரங்களாக ஆராதனையில் காணாத நான்கு பேரின் பெயரைக் குறித்துக்கொண்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, இந்த வாரமே போய் வாருங்கள்.

நன்றி, வணக்கம்.