கிணற்றுக்குள் விழும் வெயில்

(யாழ்ப்பாணத்தில் ஒரு வாசிகசாலையில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

வருடப்பிறப்பு முடிந்த கையோடு, ஏப்ரல் 15 அளவில், மதியம் 12 மணி 10 நிமிடத்துக்கு வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். வெயில் நேரே அடித்தண்ணீரில் விழும். பக்கத்தில் நிற்கும் கமுகின் நிழல் அதன் அடியிலேயே சுருண்டு கிடக்கும். சூரியன் அன்று நம் உச்சந்தலைக்கு மேலே.

யாழ்ப்பாணம் மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகை 40 கலையில் இருக்கிறது (ஒரு பாகைக்கு 60 கலை). கடகக் கோட்டுக்கும் மகரக் கோட்டுக்கும் இடையில், அதாவது இரு பக்கமும் 23.5 பாகைக்குள் உள்ள ஊர்களுக்குத்தான் சூரியன் உச்சிக்கு வரும். நமக்கு ஆண்டில் இரண்டு தடவை. மற்றது ஆகஸ்ட் கடைசியில். இது அயன வலயம். அப்பால் 66.5 பாகை வரை இடைவெப்ப வலயம், பிறகு துருவக் குளிர் வலயம். கோடுகளை மனப்பாடம் பண்ணலாம். காரணம் விளங்க வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம்.

துருவம் சூரியனுக்குத் தூரம், அதனால் குளிர் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அப்படியில்லை. பூமி சூரியனுக்கு மிகக் கிட்டப் போவதே ஜனவரி முதல் வாரத்தில். நோர்வேயில் நம் சொந்தங்கள் வாசலில் பனி வழிக்கும் காலம் அது. காரணம், வெயில் விழும் சாய்வு. இரவில் ரோச் லைற்றை நிலத்துக்கு நேர் மேலே பிடியுங்கள்: சின்ன வட்டம், கண் கூசும். சரித்துப் பிடியுங்கள்: வெளிச்சம் நீண்டு, பரந்து, மங்கிவிடும். 30 பாகை உயரத்தில் நிற்கும் சூரியன், ஒரு சதுர மீற்றருக்குரிய வெளிச்சத்தை இரண்டு சதுர மீற்றருக்குப் பங்கிடுகிறது. நோர்வேயின் துரொம்சோ நகரில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும்.

என்னை இன்றும் வியக்க வைப்பது ஒன்று. ஜூன் 21 அளவில் வட துருவத்தில் சூரியன் மறைவதேயில்லை. அதனால் அன்று அங்கே வளிமண்டலத்தின் மேல்விளிம்புக்கு வந்து சேரும் சக்தி, மத்திய கோட்டுக்கு வருவதைவிட அதிகம்! சரி, பிறகேன் அந்தக் குளிர்? பனி தன்னைத் தானே காக்கிறது. புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதமளவைத் திருப்பி அனுப்பிவிடும். மிச்சத்தில் பெரும்பங்கு உருக்குவதிலேயே போய்விடும்.

தென் துருவம் இன்னும் கொடியது. வடக்கில் இருப்பது பனி மிதக்கும் கடல். அடியிலிருந்து கொஞ்சமாவது சூடு ஏறும். தெற்கில் அண்டார்ட்டிக்கா என்ற ஒரு கண்டமே கிடக்கிறது, அதன்மேல் சராசரியாக 2 கிலோமீற்றர் கனத்தில் பனி. அங்கே வொஸ்டொக் ஆய்வு நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பூச்சியத்துக்குக் கீழே 89.2 பாகை செல்சியஸ் பதிவானது.

பூமி சூடேறினால் இந்தப் பனி உருகும். வடக்கில் மிதக்கும் பனி உருகிக் கடல் அவ்வளவாக ஏறாது. ஆனால் வெள்ளை போய்க் கரிய நீர் வெளிப்படும், அது சூட்டை விழுங்கும், இன்னும் உருகும். கிரீன்லாந்தும் அண்டார்ட்டிக்காவும் தரையில் சுமக்கும் பனி உருகினால் கடல் ஏறும். ஏறிக்கொண்டும் இருக்கிறது.

நமக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லில் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நாம் இறைத்துக் குடிப்பது அதைத்தான். கடல் ஏறினால் அடியிலுள்ள உப்பும் மேலே வரும்.

பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் 15 அன்று கிணற்றடிக்குப் போகும்போது ஒரு கொப்பியும் கொண்டு போங்கள். தண்ணீர் கிணற்றுக்கட்டிலிருந்து எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது, நாக்கில் உவர் தட்டுகிறதா என்று எழுதுங்கள். அடுத்த வருடமும் அதே நாளில், அதே கிணற்றில்.