வில்லனின் பூர்வீகம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நல்லவனைப் பாராட்ட நாலு சொல் இருந்தால் கெட்டவனைத் திட்ட நாற்பது சொல் இருக்கும். எல்லா மொழிக்கும் இது பொது, ஆங்கிலமும் விலக்கல்ல. அந்த நாற்பதில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத்தான் இன்று பேசப்போகிறேன்: வில்லன். இதற்கு யாரும் நமக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பெண்பாலுக்கு 'வில்லி', பண்புக்கு 'வில்லத்தனம்' என்று நாமே செய்துகொண்டுவிட்டோம். தமிழ் இலக்கணப்படி பிரித்தால் வில்லை உடையவன் வில்லன். அந்தக் கணக்கில் இராமனும் அர்ச்சுனனும்தான் முதல் வில்லன்கள். விற்கொடி கொண்ட சேரனுக்கு வில்லவன் என்றே ஒரு பெயர் உண்டு. இதை வைத்து இந்தச் சொல் தமிழிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது என்று சாதிக்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. இது வெறும் ஒலி ஒற்றுமை, அவ்வளவுதான்.

இந்தச் சொல்லின் பூர்வீகம் ஒரு பண்ணை. லத்தீனில் 'வில்லா' என்றால் நாட்டுப்புறத்துப் பண்ணை: வீடு, தொழுவம், களஞ்சியம், சுற்றியுள்ள நிலம் எல்லாம் சேர்ந்தது. அந்தப் பண்ணையைச் சார்ந்து வாழ்ந்தவன் 'வில்லானுஸ்'. பழைய பிரெஞ்சில் அவன் 'விலேன்' ஆனான். நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றியபோது அவர்களோடு கடல் கடந்து ஆங்கிலத்துக்குள் வந்தான். இன்று 'வில்லா' என்றால் வசதியானவர்கள் வாங்கும் தனி வீடு. பண்ணையின் பெயர் பணக்காரனிடம் போய்ச் சேர்ந்தது. பண்ணையில் உழைத்தவனின் பெயர் கயவனிடம் போய்ச் சேர்ந்தது. இந்த இரண்டாவது பயணம் எப்படி நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1086இல் வில்லியம் மன்னன் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தினான். எந்த நிலம் யாருக்குச் சொந்தம், அதில் எத்தனை ஏர், எத்தனை பேர் என்று ஊர் ஊராக எழுதப்பட்ட அந்தப் பதிவேட்டுக்கு டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். அதில் எண்ணப்பட்டவர்களில் மிகப் பெரிய கூட்டம் இந்த வில்லானுஸ் கூட்டம்தான். ஐந்தில் இரண்டு பங்கு. இவர்கள் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்தவர்கள் அல்லர். நாட்டுக்குச் சோறு போட்டவர்கள்.

ஆனால் அவர்கள் வாழ்க்கை எப்படி இருந்தது தெரியுமா? சந்தையில் ஏலம் போடப்படும் அடிமை இல்லை அவன். கொஞ்சம் நிலம் கையில் உண்டு, குடும்பம் உண்டு, மாடு உண்டு. ஆனால் நிலம் கைமாறினால் அவனும் சேர்ந்து கைமாறுவான். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலி இல்லாமல் வேலை செய்ய வேண்டும்; அறுவடை வந்தால் அதற்கு மேலும். தன் வயலில் பயிர் முற்றி நிற்கிற அதே வாரம்தான் பிரபுவின் வயலிலும் முற்றும் என்பதை விவசாயம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்குக் கல்யாணம் செய்ய வேண்டுமானால் பிரபுவுக்குப் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். அவன் செத்தாலோ, கொட்டிலில் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவார். பல இடங்களில் அதற்கடுத்த நல்ல மாட்டைப் பங்குத் தந்தை ஓட்டிக்கொண்டு போவார். இழவு வீட்டிலிருந்து குடும்பத்தலைவனோடு சேர்ந்து இரண்டு மாடுகளும் போய்விடும். மறுநாள் உழவுக்கு எஞ்சியதை வைத்து மகன் சமாளிக்க வேண்டும்.

வழக்குப் போடலாமே என்றால், பிரபுவின் மீது அரசனின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க அவனுக்கு உரிமை கிடையாது. 1215இல் இங்கிலாந்து மன்னன் ஒப்புக்கொண்ட சாசனமான மாக்னா கார்ட்டாவை உரிமைகளின் தாய் என்று கொண்டாடுகிறோம். சட்டப்படி அல்லாமல் எவரையும் சிறைப்பிடிக்கக் கூடாது என்று சொல்லும் அதன் புகழ்பெற்ற 39ஆம் பிரிவு 'சுதந்திர மனிதன்' என்று தொடங்குகிறது. நம் ஆள் அந்தக் கணக்கில் வரமாட்டான். அவனுக்கு இன்னோரிடத்தில் சிறு சலுகை உண்டு: அவனுக்கு அபராதம் விதித்தால் உழவுக்கு வேண்டியதைப் பறிக்கக் கூடாது. அவன்மேல் இரக்கம் என்பதைவிட, அவன் உழாவிட்டால் வேறு யார் உழுவது என்ற கவலைதான் அதில் எனக்குத் தெரிகிறது. தப்பிக்க ஒரு வழி நகரத்துக்கு ஓடிப்போவது. உரிமைச் சாசனம் பெற்ற நகரத்தில் ஓர் ஆண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் சுதந்திரம்.

இப்படிப்பட்ட ஒருவன் பெயர் எப்படி வசவாயிற்று? பாட்டுக் கட்டியவர்களும் கதை சொன்னவர்களும் சாப்பிட்டது கோட்டையில், குடிசையில் அல்ல. பிரெஞ்சு அரசவை இலக்கியத்தில் ஒரு பக்கம் அவைப் பண்பு அறிந்த வீரன். அவனுக்கு நேரெதிராக நாகரிகம் அறியாத விலேன். முதலில் அந்தச் சொல்லுக்குப் பட்டிக்காட்டான் என்ற இளக்காரம் ஏறியது. பிறகு முரட்டுப் பேச்சு, இழிந்த நடத்தை. பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கதையில் வரும் வீரனைப் புகழும்போது, இவன் வாழ்நாளில் எவரிடமும் 'விலெய்னி' பேசியதே இல்லை என்கிறார். அவர் சொல்வது கொலைபாதகத்தை அல்ல. மரியாதை கெட்ட பேச்சை. குடியானவனுக்கும் கொடியவனுக்கும் நடுவில் அந்தச் சொல் அப்போது நின்றுகொண்டிருந்தது.

அதே காலத்தில் அந்தக் குடியானவர்களே எழுந்தார்கள். 1348இல் வந்த கொள்ளைநோய் பாதி ஊரை வாரிக்கொண்டு போனது. ஆள் பஞ்சத்தால் கூலி ஏறியது. 1351இல் சட்டம் போட்டு, நோய்க்கு முந்தைய கூலியைத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அதற்கு மேல் தலைவரி வேறு. 1381 ஜூனில் வாட் டைலர் தலைமையில் லண்டனுக்குள் ஒரு பெருங்கூட்டம் புகுந்தது. ஆதாம் மண்வெட்டியும் ஏவாள் நூல்நூற்பும் என்று இருந்த காலத்தில் பிரபு எங்கே இருந்தார் என்று ஜான் பால் என்ற பாதிரியார் கேட்டார். பதினான்கு வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்ட் மைல் எண்ட் திடலில் அவர்களைச் சந்தித்து, இனி பண்ணை அடிமை முறை இல்லை என்று வாக்குக் கொடுத்தான். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் டைலர் வெட்டப்பட்டார். எழுதிக் கொடுத்த சாசனங்கள் திரும்பப் பெறப்பட்டன. கேட்க வந்தவர்களிடம், 'நாட்டுப்புறத்தான்களாக இருந்தீர்கள், அப்படியேதான் இருக்கிறீர்கள், கட்டுண்டே கிடப்பீர்கள்' என்று மன்னன் சொன்னதாக அக்காலத் துறவி ஒருவரின் குறிப்பு சொல்கிறது. வாக்குத் தவறியவன் பெயர் வசவாகவில்லை. ஏமாந்தவர்களின் பெயர்தான் ஆனது.

இந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே வாயில் மோதிக்கொண்ட இடத்தைப் பார்க்க வேண்டுமா? 1600 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதிய ஒரு நாடகத்தின் முதல் காட்சியில் அண்ணனும் தம்பியும் சண்டை போடுகிறார்கள். தம்பி அண்ணனின் கழுத்தைப் பிடிக்கிறான். 'என்மேலா கைவைக்கிறாய், வில்லனே' என்று அண்ணன் கத்துகிறான். அண்ணன் நினைத்தது அயோக்கியன் என்று. தம்பியோ, 'நான் வில்லன் இல்லை, நம் தந்தையின் கடைக்குட்டி மகன். அப்படிப்பட்ட தந்தை வில்லன்களைப் பெற்றார் என்று சொல்கிறவன்தான் மூன்று மடங்கு வில்லன்' என்கிறான். தம்பிக்குச் சுட்டது பிறப்பு. அயோக்கியன் என்றால் பொறுத்திருப்பானோ என்னவோ, கீழ்ப்பிறப்பு என்றால் தாங்க முடியவில்லை. அந்தப் பதிலின் கடைசி வரிக்குள்ளேயே சொல் மறுபடியும் அயோக்கியன் பக்கம் புரண்டுவிடுகிறது.

மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தில், பின்னால் மன்னனாகப் போகிறவனே முதல் பேச்சில் தான் வில்லனாவது என்று முடிவு செய்துவிட்டதாக அறிவிக்கிறான். வயலில் நின்றவனின் பெயரை அரச குடும்பத்தான் தானே எடுத்துச் சூட்டிக்கொள்கிறான். 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பில், ஒதெல்லோ நாடகத்தின் பாத்திரப் பட்டியலில் 'இயாகோ, ஒரு வில்லன்' என்றே அச்சாகியிருக்கிறது. நாடகம் முழுக்க 'நேர்மையான இயாகோ' என்று எல்லோரும் அழைக்கிற ஆள் அவன். பிற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டு மேடையில் மீசை முறுக்கி வரும் வில்லனைக் கண்டு கொட்டகையே சீறியது. நம்மிடம் வந்து சேர்ந்தது இந்த மேடை வில்லன்தான்.

சட்டத்தில் பழைய வில்லன் என்ன ஆனான்? நிலவுடைமை முறை மாற மாற, யாரும் ஒழிக்காமலேயே அந்த நிலை தேய்ந்து போனது. 1574இல் எலிசபெத் அரசி தன் நிலங்களில் எஞ்சியிருந்தவர்கள் விடுதலை பெற ஆணையிட்டார். அதற்கும் பணம் வாங்கினார். 1618க்குப் பிறகு நீதிமன்றத்தில் அத்தகைய வழக்கே வரவில்லை. ஆனால் 1772இல் ஒரு விந்தை நடந்தது. ஜேம்ஸ் சாமர்செட் என்ற ஆப்பிரிக்க அடிமையை எசமானன் கப்பலில் அடைத்து ஜமைக்காவுக்கு அனுப்பப் பார்த்தபோது வழக்கு மான்ஸ்ஃபீல்டு பிரபுவின் முன் வந்தது. சாமர்செட்டின் வழக்கறிஞர்களில் ஒருவரான ஹார்கிரேவ் சொன்ன வாதம் இது: இங்கிலாந்துச் சட்டத்துக்குத் தெரிந்த அடிமைத்தனம் ஒன்றே ஒன்றுதான், அது பழைய பண்ணையாளின் நிலை, அது செத்து நாளாயிற்று, புதிதாக ஒன்றை உண்டாக்கச் சட்டத்தில் இடமில்லை. சாமர்செட் விடுவிக்கப்பட்டார். உயிரோடிருந்த வரை தனக்கு உதவாத பெயர், இன்னொருவனுக்கு உதவியது.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று நினைத்துவிட வேண்டாம். போக்கிரியைக் குறிக்கும் 'நேவ்' முதலில் பையன், பிறகு ஏவலாள், பிறகுதான் போக்கிரி. ஜெர்மனில் அதன் உறவுச் சொல் இன்றும் பையன்தான். பண்பில்லாதவனைக் குறிக்கும் 'சர்ல்' ஒரு காலத்தில் சாதாரணக் குடிமகன். 'பூர்' என்பவன் உழவன். இத்தாலிய மொழியில் 'கெட்ட' என்பதற்கான 'கத்தீவோ', சிறைப்பட்டவன் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மறுபக்கம் பாருங்கள்: 'ஜென்டில்' என்பது நல்ல குடியில் பிறந்தவன், அவனே பிறகு மென்மையானவன் ஆகிவிட்டான். 'ஜெனரஸ்' என்பதும் உயர்குடிப் பிறப்புதான். இன்று அது வள்ளல். அந்தஸ்தைக் குறித்த சொற்கள் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்களாக மாறும் இந்தப் போக்கை ஆங்கில எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் விரிவாக எழுதியிருக்கிறார்.

வெள்ளைக்காரனைச் சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது. 'கீழ்மக்கள்' என்கிறோம், 'மேன்மக்கள்' என்கிறோம். இடத்தைச் சொல்லித்தான் குணத்தைச் சொல்கிறோம். ஈவிரக்கமில்லாதவனைச் 'சண்டாளன்' என்று எத்தனை பேர் யோசிக்காமல் திட்டுகிறார்கள்! இன்றும் பட்டியல் சாதிகளின் அரசுப் பட்டியலில் இருக்கும் ஒரு சமூகத்தின் பெயர் அது. அவர்கள் யாருக்கு என்ன தீங்கு செய்தார்கள்? இந்த இடத்தில் வள்ளுவர் கறாராக இருக்கிறார்: 'மேலிருந்தும் மேலல்லார் மேலல்லர் கீழிருந்தும் கீழல்லார் கீழல் லவர்.' உட்கார்ந்திருக்கிற இடம் வேறு, ஆள் வேறு என்று பிரித்துவிட்டார்.

இனி இன்றைய வழக்கைப் பற்றிச் சில சொற்கள். ஆங்கிலச் சட்டத்தில் வில்லன் என்று எவரும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் உண்டு, தண்டிக்கப்பட்டவர் உண்டு. ஆனால் லண்டன் போலீஸ்காரர் பேச்சில் உண்டு. திருட்டையே தொழிலாகக் கொண்டவனை அவர் அப்படித்தான் சாதாரணமாகக் குறிப்பிடுவார். குறும்புக்காரக் குழந்தைக்கு 'ராஸ்கல்' பொருந்தும். ஏமாற்றுக்காரன், ஆனாலும் வெறுக்க மனம் வரவில்லை என்றால் 'ரோக்'. பயங்கரமான கொலைகாரனைப் பற்றி எழுதும்போது வில்லன் என்று போட்டால் கொடுமை குறைந்து நாடக வாடை அடிக்கும். மேடையில் அவ்வளவு காலம் நின்ற சொல் அது. பத்திரிகைகளில் உப்பும் சர்க்கரையும்கூட வில்லன் ஆவதுண்டு. அதில் தவறில்லை.

தவறாகப் பயன்படுத்துவது வேறோரிடத்தில். கதாநாயகனை எதிர்க்கிற எவனையும் நாம் வில்லன் என்கிறோம். கதாநாயகன் திருடனாக இருந்தால் அவனைத் துரத்தும் நேர்மையான அதிகாரி எதிராளிதானே தவிர வில்லன் அல்ல. கோபத்தில் கைநீட்டுகிறவனும் அல்ல. தான் செய்வது கேடு என்று தெரிந்து, திட்டமிட்டு, முகத்தில் காட்டாமல் செய்கிறவனுக்கு வைத்த பெயர் அது, இயாகோவைப் போல. வரலாற்று நூல்களில் பழைய குடியானவனைக் குறிக்க ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மாற்றி எழுதுகிறார்கள்: கயவனுக்கு 'ஏ' (villain) வரும் இடத்தில் உழவனுக்கு 'ஈ' (villein). மொழிபெயர்க்கிறவர்கள் அந்த எழுத்தைப் பார்க்காமல் விட்டால், டூம்ஸ்டே புத்தகத்தில் இங்கிலாந்தின் ஐந்தில் இரண்டு பங்கு பேர் வில்லன்கள் என்று தமிழில் வந்துவிடும்.