ஒளிர்குழாய்க் கடிகாரம்: இழைக்குத் தர வேண்டிய 1.5 வோல்ட்

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருப்பது ஐவி-11 என்னும், ஒரு இலக்கத்தைக் காட்டும் சோவியத் காலத்து ஒளிர்குழாய். கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். இலக்கத்திற்கு முன்னால் மயிரைவிட மெல்லிய கம்பி நெடுக ஓடுவதைப் பாருங்கள். டங்ஸ்டன் மீது பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் ஆக்சைடுகள் பூசப்பட்ட இந்த இழை ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறும்போது எலக்ட்ரான்களை உமிழ்கிறது. அவை சுமார் 25 வோல்ட் தரப்பட்ட ஆனோடில் (நேர்மின்முனையில்) மோதி, அதன் மேலுள்ள துத்தநாக ஆக்சைடை நீலப்பச்சையாக ஒளிரச் செய்கின்றன. கடிகாரம் செய்பவர்கள் பெரும்பாலும் அந்த 25 வோல்ட்டைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் குழாயின் ஆயுள், 1.5 வோல்ட்டில் 100 மில்லிஆம்பியர் எடுக்கும் இந்த இழையைப் பொறுத்தே அமைகிறது.

எளிய வழி, 5 வோல்ட்டிலிருந்து ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனி ரெசிஸ்டர் வைப்பதாகும். மீதி 3.5 வோல்ட்டை 100 மில்லிஆம்பியரால் வகுத்தால் 35 ஓம் வரும்; நான் 36 ஓம் போடுகிறேன். அதில் 0.35 வாட் வெப்பமாகப் போவதால் கால் வாட் ரெசிஸ்டர் தாங்காது, 1 வாட் வேண்டும். குளிர்ந்த இழையின் தடையை மீட்டரில் அளந்து அதைக் கொண்டு கணக்கிடாதீர்கள். சூடானபின் அது மூன்று நான்கு மடங்கு உயர்ந்துவிடும்.

வெப்பத்தை வீணாக்க விரும்பாதவர்கள், மின்சாரத்தை மிக வேகமாகப் போட்டுப் போட்டு அணைக்கும் பி.டபிள்யூ.எம். முறைக்குப் போகிறார்கள். நானும் போனேன், ஒரு நல்ல குழாயை இழந்தேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. 5 வோல்ட்டில் 1.5 வோல்ட் என்பது 30 சதவீதம்தானே என்று எண்ணி டியூட்டி சைக்கிளை, அதாவது மின்சாரம் போடப்பட்டிருக்கும் நேரத்தின் பங்கை, 30 சதவீதமாக வைத்தேன். மல்டிமீட்டரும் டிசி அளவில் 1.5 என்றே காட்டியது. இழையோ ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. மீட்டர் காட்டியது சராசரியை. இழையைச் சூடாக்குவதோ மின்னழுத்தத்தின் வர்க்கம். எனவே 0.3 ஐ 0.3 ஆல் பெருக்கி வரும் 9 சதவீதமே சரியான அளவு. 30 சதவீதத்தில், தடை மாறாதென்று கொண்டால், மூன்று மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் இழைக்குள் சென்றிருக்கிறது. சரியாக 9 சதவீதத்தில் வைத்தால் அதே மீட்டர் வெறும் 0.45 வோல்ட் காட்டும். அதைப் பார்த்துப் பதறி அளவைக் கூட்டிவிடாதீர்கள். நிரலில் கோளாறு ஏற்பட்டு வெளியீடு தொடர்ந்து இயங்கும் நிலையில் நின்றுவிட்டால் முழு 5 வோல்ட்டும் இழையில் இறங்கும் என்பதால், இப்போது நான் ரெசிஸ்டரையே நம்புகிறேன்.

அந்த ரெசிஸ்டரை இழையின் தரைப்பக்கத்தில், அதாவது 0 வோல்ட் பக்கத்தில், வைப்பதில் ஒரு நன்மையும் உண்டு. இழை 3.5 வோல்ட்டிற்கும் 5 வோல்ட்டிற்கும் இடையில் உயர்ந்து நிற்பதால், 0 வோல்ட்டில் அணைக்கப்பட்ட கிரிட் (இழைக்கும் ஆனோடுக்கும் இடையிலுள்ள வலை) அதைவிட எதிர்மறையாகி, அணைந்திருக்க வேண்டிய இலக்கங்களில் தெரியும் மங்கலான நிழலொளி மறைகிறது. ஒளிர்வு சிறிது குறையும். ஆனோடு மின்னழுத்தத்தை அதற்கேற்பச் சற்று உயர்த்திக்கொள்ளலாம்.

இப்போது அறை விளக்கை அணைக்கிறேன். ஆனோடு மின்சாரத்தை இணைக்கவில்லை. இழைக்கு மட்டும் தந்திருக்கிறேன். நல்ல இருட்டில் உற்றுப் பார்த்தால் மட்டும் மங்கிய சிவப்பு தெரிகிறது, விளக்கைப் போட்டதும் எதுவும் தெரியவில்லை. உங்கள் குழாயில் விளக்கு வெளிச்சத்திலும் இழை தெரிந்தால், உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கணக்கை மறுபடி போடுங்கள்.