கடை யார் பெயரில் இருக்கிறது?

நாகர்கோவில் வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டுக்குப் போய்ச் சின்னதாக ஒரு தொழில் தொடங்குவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் தக்கலைக்காரி. கல்யாணம் முடிந்து ஷார்ஜாவுக்குப் போனவள், அங்கே ஒரு டைப்பிங் சென்டரில் வெகுகாலம் வேலை பார்த்தேன். விசா, லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம் என்று அரசாங்கத்துக்குப் போகிற விண்ணப்பங்களை அரபியில் அடித்துக் கொடுக்கிற இடம் அது. கடை திறக்க நினைக்கிறவர்கள் முதலில் வந்து உட்காருவது எங்கள் மேசைக்கு முன்னால்தான். கடையை மூடவும் அங்கேயேதான் வருவார்கள்.

அப்படி மூட வந்தவர்களில் வியாபாரம் நடக்காமல் வந்தவர்கள் குறைவு. நல்ல கூட்டம் வருகிற கடையைத்தான் பலரும் விட்டுவிட்டுப் போனார்கள். காரணம், கடை அவர்கள் பெயரில் இல்லை.

நம்ம மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொத்தனார், எலக்ட்ரீசியன், டிரைவர், மீன்பிடித் தொழிலாளி என்று போகிறோம். சில வருஷம் சம்பளத்துக்கு உழைத்தபிறகு ஒரு ஆசை வரும். ஒரு பக்காலா, அதாவது மளிகைக்கடை போடலாம், ஒரு கஃபட்டீரியா எடுத்து நடத்தலாம், தையல்கடை வைக்கலாம். ஊரில் மனைவியின் நகை அடகுக்குப் போகும், சீட்டுப் பிடித்த பணம் வரும், மச்சினன் கொஞ்சம் தருவான். இவ்வளவையும் போட்டுத் திறக்கிற கடையின் லைசென்ஸில் வேறு யாரோ ஒருவர் பெயர் இருக்கும்.

அமீரகத்தில் அன்றைய சட்டம் அப்படி. தடையற்ற வர்த்தக மண்டலங்களுக்கு (ஃப்ரீ ஸோன்) வெளியே ஒரு வியாபாரக் கம்பெனி தொடங்கினால் 51 சதவீதம் உள்நாட்டவர் பெயரில் இருக்க வேண்டும். பணம் முழுக்க நம்மாள் போடுவார். உள்நாட்டவர் வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வாங்கிக்கொள்வார். நடுவில் இருவருக்குள்ளும் தனியாக ஓர் ஒப்பந்தம், 'உண்மையில் கடை இவருடையதுதான்' என்று. பெரும்பாலான உள்நாட்டவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் காலமானால் என்ன ஆகும்?

கருங்கல் பக்கத்து மாமா ஒருவர் தையல்கடை வைத்திருந்தார். ஸ்பான்சர், அதாவது லைசென்ஸில் பெயர் இருந்த உள்நாட்டவர், இறந்துபோனார், பிள்ளைகள் பங்கு பிரித்தார்கள், கடையும் பங்கில் போனது. கையிலிருந்த ஒப்பந்தத்தை என் முன்னால் விரித்து வைத்து, "மக்ளே, இது செல்லும்லா?" என்று கேட்டார். எந்த நோட்டரியிலும் பதியாத வெள்ளைத்தாள் அது. நான் என்ன சொல்ல முடியும்? தையல் மெஷின்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் இன்னொருவரிடம் கூலிக்குப் போனார். இப்படி ஒரு மனிதரின் உழைப்பு போகக்கூடாது என்பதற்காகத்தான் இன்றைக்கு இங்கே வந்து பேசுகிறேன்.

சட்டம் இப்போது மாறிவிட்டது. 2021 ஜூன் 1 முதல் அமீரகத்தில் பெரும்பாலான தொழில்களை வெளிநாட்டவர் நூறு சதவீதம் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் இன்னும் அடுத்தவர் லைசென்ஸை மாத வாடகைக்கு எடுத்துக் கடை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். விசா ஒரு கம்பெனியில் இருக்கும், முதலாளியிடம் அனுமதிக் கடிதம் கேட்கப் பயம், லைசென்ஸ் செலவை மிச்சப்படுத்தலாம் என்று ஒரு கணக்கு. மிச்சப்படுத்துகிற பணத்தைவிடப் பயமே பெரிய காரணம் என்பது என் எண்ணம். தயவுசெய்து செய்யாதீர்கள். முறைப்படி அனுமதி கேளுங்கள். தராவிட்டால், விசாவை மாற்றுகிற வழி தெரிந்தபிறகு கடையைப் பற்றி யோசியுங்கள்.

சவுதியில் இது இன்னும் கடுமை. சவுதிக்காரர் பெயரில் வெளிநாட்டவர் மறைவாகக் கடை நடத்துவதை அங்கே தசத்துர் என்பார்கள். 2020இல் வந்த புதிய சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரியால் வரை அபராதம். தண்டனை முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்ப வேலைக்குப் போக முடியாது. தாங்களாகவே முன்வந்து சரிசெய்துகொள்ளக் கொடுத்த அவகாசமும் 2022 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. "எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள்" என்று சொல்கிற கூட்டாளியை நம்பி இறங்க வேண்டாம்.

அடுத்தது வாடகை. அமீரகத்தில் கடை வாடகைக்குப் பின்தேதியிட்ட செக்குகளை முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருக்கும். 2022 ஜனவரிக்கு முன்னால் செக் திரும்பினால் நேரே போலீஸ் கேஸ். இப்போது பணம் இல்லாமல் திரும்பிய செக்குக்குப் பொதுவாகக் கிரிமினல் கேஸ் கிடையாது என்றதும் சிலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் செக் வைத்திருப்பவர் தனியாக வழக்கு நடத்தாமலே, நேரே வசூல் உத்தரவு கேட்டு நீதிமன்றம் போகலாம், பயணத்தடையும் வரலாம். வீட்டில் கல்யாணம் இருக்கும், விமானம் ஏற முடியாது. ஆகவே கையில் இருக்கிற பணம் முழுவதையும் அலங்காரத்திலும் அலமாரியிலும் போட்டுவிடாதீர்கள். முதல் வருஷ வாடகையைத் தனியாக எடுத்து வைத்தபிறகு மிச்சத்தில் கடையைக் கட்டுங்கள். கடை சின்னதாக இருந்தால் இருக்கட்டும்.

வரியும் உண்டு. 2018இலிருந்து விற்பனை மேல் 5 சதவீத வாட் வரி. 12 மாத விற்பனை 3,75,000 திர்ஹம் தாண்டினால் கட்டாயம் பதிய வேண்டும். 2023 ஜூனிலிருந்து கம்பெனி வரியும் வந்திருக்கிறது. லாபம் 3,75,000 திர்ஹத்தைத் தாண்டினால்தான், தாண்டிய தொகைக்கு 9 சதவீதம் கட்ட வேண்டும். ஆனால் கம்பெனியாகப் பதிந்தவர்கள் லாபமே இல்லாவிட்டாலும் வரித்துறையில் பதிந்து கணக்குக் கொடுக்க வேண்டும். தாமதமாகப் பதிந்தால் அபராதம் 10,000 திர்ஹம்.

எதை விற்பது என்ற கேள்வியும் வரும். நம்மிடம் இருக்கிற ஒரு பலத்தை நாம் எடைபோடுவதே இல்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூரோடும் திருக்கொச்சியோடும் இருந்த மண் இது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் தானாகவே வரும். வளைகுடாவில் மலையாளிகள் எவ்வளவு பேர் என்று சொல்லத் தேவையில்லை. ஊர்க்காரர்களை மட்டும் நம்பிக் கடை போட்டால் லீவு நாளில் மட்டும்தான் கூட்டம் வரும். நேந்திரம் சிப்ஸும் மரச்சீனிக்கிழங்கும் சம்பா அரிசியும் வைத்து, இரண்டு பாஷையிலும் பேசி விற்கிறவருக்கு வாரம் முழுக்க ஆள் வரும். ஓணத்துக்கு இலையும் தோவாளைப் பூவும் கிடைக்கும் என்று பெயர் வாங்கிவிட்டால் அந்த ஒரு வாரமே பெரிய சீசன். முந்திரிக்கொத்தை நம்ம மக்களுக்காக ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி வாடகை கட்ட முடியாது.

இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற நம்ம பெண்கள் நிறையப் பேர். அவர்களுடைய ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் தனியாகச் சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை. படிக்கப் போன பிள்ளைகளுக்கும் இல்லை. நர்ஸுக்குத் துணையாகப் போன கணவர் செய்யலாம். வீட்டிலேயே சமைத்து விற்பதானால், தொடங்குவதற்கு 28 நாளுக்கு முன்னால் அந்த ஊர்க் கவுன்சிலில் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. இப்படி எளிதாக இருக்கிற வேலையைக்கூடச் செய்யாமல் விடுகிறவர்களைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.

ஊரில் இருக்கிற அக்காமாரிடம், அம்மாமாரிடம் ஒரு வார்த்தை. கடைக்காகக் கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்தது நீங்கள். அந்தக் கடையைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அமீரகத்தில் கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால் வங்கி அந்தக் கணக்கை முடக்கிவிடும். வாரிசு யார் என்று நீதிமன்றம் சொல்லும்வரை பணம் அசையாது. உயில் எழுதி அங்கேயே பதிந்து வைத்தால் அலைச்சல் குறையும். உயில் என்ற பேச்சை எடுத்தாலே அபசகுனம் என்று நம்ம வீடுகளில் தடுப்பார்கள். தடுத்தாலும் பேசுங்கள்.

இன்றைக்கு ராத்திரி போன் வரும்போது, லைசென்ஸை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது, எந்தத் தேதியோடு முடிகிறது என்று பாருங்கள். அரபியில் மட்டும் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வாடகை ஒப்பந்தத்துக்கும் அப்படியே ஒரு நகல் வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.