வேலை இருக்கிறது, வீடு எங்கே?

டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டிப் பாளையங்கோட்டையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் சிறப்புப் பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.

அவையில் இருக்கும் எல்லோருக்கும் பணிவான வணக்கம்.

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலக அதிகாரி அவர்களே, வங்கி மேலாளர் அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, வணக்கம். இந்த மண்டபத்துக்கு வாடகை வாங்காததோடு, வாசற்படி மேல் பலகை போட்டுச் சாய்தளமும் அமைத்துக் கொடுத்த உரிமையாளர் அண்ணாச்சியைச் சொல்லாமல் விட்டால் அது நன்றி கெட்டதனம். காலையில் அந்தப் பலகை வழியாகப் பதினோரு சக்கர நாற்காலிகள் ஏறி வந்ததை எண்ணிக்கொண்டுதான் நான் உள்ளே வந்தேன். அப்புறம், மேடை ஓரத்தில் நின்று என் பேச்சைக் கையால் சொல்லிக்கொண்டிருக்கும் சைகை மொழிபெயர்ப்பாளர் தங்கைக்குத் தனியாக ஒரு வணக்கம். உனக்காக மெதுவாகப் பேசுகிறேன் அம்மா. பின்வரிசையிலிருந்து கையாட்டும் என் பழைய மாணவர்களே, உங்களையும் பார்த்துவிட்டேன்.

அழைப்பிதழில் என் தலைப்பு 'வேலை, வீடு, பயணம்' என்று இருக்கிறது. மூன்றையும் பேச வேண்டும். வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் வடத்தைத் தொட்டவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆள் வரும். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் சிலர்தான். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தே நடந்து, எங்கே கட்டையைக் கொடுப்பது, எப்போது உருவுவது என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். அவர்கள் இல்லாவிட்டால் ரதவீதி முக்கில் தேர் திரும்பாது. மாற்றுத்திறனாளிக்கு வேலை என்றால் நாம் எல்லோரும் வடம் பிடிக்க வந்துவிடுகிறோம். கட்டை போடத்தான் ஆள் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் வருஷச் சட்டம் அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு கொடுத்தது. 2016ஆம் வருஷச் சட்டம் அதை 4 ஆக்கியது. அந்தக் கூடுதல் 1 சதவீதத்தில்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளவர்கள் முதல்முறையாகக் கணக்குக்குள் வந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகளில் போட்டித் தேர்வு எழுதி அந்த இடத்தைப் பிடிக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்கான வேலை தெருவில் இருக்கிறது. மெஸ்ஸில் இருக்கிறது, மாவு மில்லில் இருக்கிறது, ஜவுளிக்கடையில் இருக்கிறது. முன்பு மாற்றுத்திறனாளி என்றாலே ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்துக் கொடுத்தார்கள். தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்ட் பார்த்தோம். செல்போன் வந்ததும் பூத் போய்விட்டது. அதை நம்பி உட்கார்ந்திருந்தவரும் வீட்டுக்குப் போய்விட்டார். நாலு பேரோடு சேர்ந்து செய்கிற வேலைதான் நிலைக்கும் என்று நான் நினைப்பது அதைப் பார்த்த பிறகுதான்.

ஒரு பையன் கதை சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவன் அம்மா இல்லை இப்போது. அவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் 18 வயது வரை இருந்தான். பத்து வரை தப்பில்லாமல் எண்ணுவான். பதினொன்று வந்ததும் நேராக இருபதுக்குத் தாவிவிடுவான். எட்டு வருஷம் முயன்றும் பதினொன்று ஏறவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் ஒரு அண்ணாச்சியிடம் போய் வேலை கேட்டேன். அவர் நல்ல மனிதர். "டீச்சரம்மா, பாவம், வந்து உக்காந்துட்டுப் போகட்டும், மாசம் ஏதாவது குடுத்துருதேன்" என்றார். "உக்கார வேண்டாம் அண்ணாச்சி, வேலை குடுங்க" என்றேன். கடையில் இருந்த வேலை, பத்திரிகையை நூறு நூறாக எண்ணி ரப்பர் பேண்ட் போடுவது. நூறு! பத்துக்கு மேல் எண்ணத் தெரியாதவனுக்கு!

மூன்று வாரம் பள்ளி விட்டதும் நேராக அந்தக் கடைக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாம் நாளே புரிந்துவிட்டது, அவனுக்கு நூறு தேவையில்லை, பத்து போதும். ஆசாரியிடம் சொல்லி ஒரு மரத்தட்டு செய்தோம், பல்லாங்குழி மாதிரி. பத்துத் தடுப்பு, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்திரிகை நிற்கும். ஒன்பது வைத்தால் ஆடும், பதினொன்று நுழையாது. மெல்லிய அட்டைக்கு ஒன்று, தடித்த அட்டைக்கு ஒன்று என்று இரண்டு தட்டு. தட்டு நிறைந்தால் ரப்பர் பேண்ட். அவ்வளவுதான்.

அண்ணாச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருநாள் அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஒரு தடுப்பிலிருந்து ஒரு பத்திரிகையை உருவி மேசைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வந்தவன் தட்டைத் தூக்கினான். லேசாக ஆட்டிப் பார்த்தான். கீழே வைத்துவிட்டு நேராக அவரிடம் போய்க் கையை நீட்டினான். "மொதலாளி, ஒண்ண எடுத்துட்டிய. குடுங்க." கடையே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து மற்றவர்கள் எண்ணிய கட்டுகளையும் அவன் தட்டில் வைத்துத்தான் சரிபார்த்தார்.

சம்பளத்தை அம்மாவிடம் கொடுக்கிறேன் என்றார். அவன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். முதல் சம்பளத்தில் அவன் என்ன வாங்கினான் தெரியுமா? ஒரு கைக்கடிகாரம். மணி பார்க்கத் தெரியாது. ஆனால் கடையில் எல்லோரும் கட்டியிருந்தார்கள். ஆறு மாதத்தில் சின்ன முள் அஞ்சில் நின்றால் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று கற்றுக்கொண்டான். பள்ளியில் நான் மணி பார்க்கக் கற்றுக்கொடுத்ததெல்லாம் அட்டைக் கடிகாரத்தில்.

ஏழு வருஷம் வேலை பார்த்தான். ஏழாவது வருஷம் அவன் அம்மா இறந்துபோனார்கள். அக்காவுக்குத் திருப்பூரில் ஒற்றை அறை வீடு, மூன்று பிள்ளைகள். காரியம் முடிந்த பத்தாம் நாள் உறவினர்கள் அவனை வேறொரு மாவட்டத்தில் ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இல்லத்தையும் குறை சொல்ல மாட்டேன்; மூன்று வேளைச் சோறு போடுகிறார்கள். பார்க்கப் போனேன். வரிசையாகப் போட்ட கட்டில்களில் ஒன்றில் உட்கார்ந்திருந்தான். கையில் கடிகாரம் இருந்தது, ஓடவில்லை. பாட்டரி வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், தட்டு யாருட்ட இருக்கு?"

தட்டு அண்ணாச்சியிடம்தான் இருக்கிறது. வேலையும் அப்படியே இருக்கிறது, நேற்றுகூட ஆள் தேடினார். பஸ் போகிற தூரத்தில் அவன் தங்க ஒரு வீடு இல்லை, அவ்வளவுதான். வேலையை அவன் இழக்கவில்லை, பெரியோர்களே. வீட்டை இழந்தான், வீட்டோடு வேலையும் போனது.

அதனால்தான் எந்த மேடையில் ஏறினாலும் வீட்டில் வந்து நிற்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தாயும் ராத்திரி தூங்காமல் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான்: எனக்கு அப்புறம்? அதற்கு நம் ஊர் இதுவரை கண்டுபிடித்த பதில் பெரிய கட்டடம், உயர்ந்த சுவர், ஊருக்கு வெளியே. கண்ணில் படாத இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தென்மாவட்டமே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். அந்தச் செய்தியை வாசித்த காலைப்பொழுது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வேறு வழி இருக்கிறது, நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னையில் 1993இல் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு, மனநோயோடு மருத்துவமனையிலும் காப்பகத்திலும் வருஷக்கணக்கில் கிடந்தவர்களை நாலைந்து பேராகச் சேர்த்துச் சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடிவைத்தது. 'ஹோம் அகெய்ன்' என்று அதற்குப் பெயர். உதவிக்கு ஆள் உண்டு. மற்றபடி அவர்களே காய் வாங்குகிறார்கள், சமைக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிறார்கள், சிலர் வேலைக்கும் போகிறார்கள். 2016ஆம் வருஷச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது: மாற்றுத்திறனாளிக்குச் சமுதாயத்தில் வாழ உரிமை உண்டு, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2007இல் இந்தியா ஏற்று உறுதிசெய்த, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆவது பிரிவும் அதையே பேசுகிறது. பக்கத்து ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்காக 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் பள்ளிக்கூடம் கண்ட ஊர் இந்தப் பாளையங்கோட்டை. நம்மால் நாலு பேருக்கு ஒரு வீடு பார்க்க முடியாதா?

அதிகாரி அவர்கள் இருக்கும்போதே கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. நாலு பேர் சேர்ந்தால் 8,000. வாடகைக்கு அது சரியாகப் போகும். வேலைக்குப் போகிறவர் சம்பளத்தில் அரிசி பருப்பு. இடிக்கிற இடம் ஒன்றுதான், கூடவே தங்கியிருக்கும் அக்காவுக்கோ அண்ணனுக்கோ யார் சம்பளம் கொடுப்பது? கட்டை போடுகிறவர் அவர்தான். ஒன்றியத்துக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு துணையாள், அவருக்கு அரசுச் சம்பளம். எங்கள் கோரிக்கை இவ்வளவே. ஊர் கூடித் தேர் இழுக்கத் தயாராக இருக்கிறது ஐயா. 2024 ஆனித் தேரோட்டத்தில் வடம் அறுந்து அறுந்து போனதைப் பார்த்தோம். யாரும் தேரை நடுவழியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. இன்னொரு வடம் கட்டி இழுத்தார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு 18 முடிந்ததும் காப்பாளர் சான்றுக்கு மனுப் போடுங்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்து கால் நூற்றாண்டாகிவிட்டது, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் அதைத் தரும். நீங்கள் இருக்கும்போதே யார் காப்பாளர் என்பதைப் பேசி முடியுங்கள்.

பயணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். தலைவர் ஐயா துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டார், வங்கி மேலாளரும் பேச வேண்டும். பஸ் படிக்கட்டை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

வாசல் மேசையில் கோரிக்கை மனு இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைக்க மையும் இருக்கிறது. இன்னொன்று. இந்தக் கூட்டத்தில் வீட்டு உரிமையாளர்கள் இருப்பீர்கள். முதல் வீட்டை அரசுக்காகக் காத்திராமல் நாங்களே தொடங்கப்போகிறோம். கீழ்த்தளம் வேண்டும், இரண்டு படுக்கையறை, குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அச்சகத்துக்குப் போகிற டவுன் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கமாக இருந்தால் நல்லது. அப்படி ஒரு வீடு இருந்தால் சாப்பாட்டுக்குப் போகும் முன் என்னை வந்து பாருங்கள். முன்பணம் கையில் வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.